மலைவழியும் துவிச்சக்கரவண்டியும்

பத்துப்பாட்டின் இறுதியிலே நிற்பது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் 583 அடிகளாற் பாடிய அந்நூல், நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு மலைவழியின் இயல்பை எடுத்துரைப்பது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே உண்டு, பாறை எங்கே வழுக்கும், இருட்டியபின் எங்கே தங்குவது, உணவளிப்போர் யாவர் என்பனவெல்லாம் அதிலே முறையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. முப்பது ஆண்டுகளாக இந்நூலை மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருகிறேன். சொன்னதை ஒருநாளேனும் கைக்கொண்டேனா என்றால், இல்லை என்றே கூறவேண்டும். அதனால் நேர்ந்ததையும் கற்றதையும் எழுதவே இக்கட்டுரை.

2022 ஆம் ஆண்டில் எரிபொருள் அருகியபோது கொழும்பு நகரமே துவிச்சக்கரவண்டிக்குத் திரும்பியதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். பம்பலப்பிட்டியில் வாழும் நானும் பழைய வண்டியொன்றை வாங்கினேன். உடன் கற்பிக்கும் ஆசிரியர் இருவரும் அவ்வாறே செய்தனர். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் ஓடிப் பழகினோம். எரிபொருள் வந்தபின்னும் அப்பழக்கம் எம்மை விடவில்லை. கடலோரச் சமநிலத்திலே பெற்ற துணிவு மலைநாட்டை நோக்கிற்று. 2024 ஓகஸ்ட் விடுமுறையிற் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போவதெனத் தீர்மானித்தோம்.

திட்டம் வகுத்தவன் நானே. தேசப்படத்தை மேசைமேல் விரித்தேன். தூரம் ஏறக்குறைய 77 கிலோமீற்றர். காலி வீதியில் மணிக்கு 15 கிலோமீற்றர் ஓடுகிறோம். ஆகவே ஐந்து மணித்தியாலம் போதும் என்று கணக்கிட்டேன். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் இரண்டு மணிக்கு நுவரெலியாவிலே தேநீர் அருந்தலாம்! சிறுபிள்ளைக் கணக்கென்று இப்பொழுது தெரிகிறது.

கம்பளையைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கியது. புசல்லாவையில் மழை தொடங்கியது. விடும், விடும் என்று கடையொன்றிலே இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். அது விடவில்லை. அங்கிருந்தே திரும்பியிருக்கலாம். திரும்புவது தோல்வியென்று எண்ணினோம். இறம்பொடைக்கு முன்னே ஒரு சிறு இறக்கத்தில், மாலை ஐந்தரை மணிக்கு, மூடுபனிக்குள்ளிருந்து பேருந்தொன்று எதிர்ப்பட்டது. நண்பர் தடையைப் பிடித்தார். நனைந்த சக்கர விளிம்பிலே தடை பற்றவில்லை. வண்டியோடு தெருவோரக் கானிலே வீழ்ந்தார். மணிக்கட்டு முறிந்தது. கான் இருந்த பக்கத்திலன்றி மற்றப் பக்கத்திலே வீழ்ந்திருந்தால் பள்ளத்தாக்கு. அதனை நினைக்குந்தோறும் இன்றும் என் உள்ளங்கை வியர்க்கிறது.

வேலை முடிந்து வீடு திரும்பிய தோட்டத் தொழிலாளர் ஒருவரும் அவர் மனைவியும் எங்களைக் கண்டனர். கேள்வி எதுவும் கேளாமலே வண்டிகளைத் தள்ளிக்கொண்டு தம் இலயத்துக்கு அழைத்துச் சென்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பரா. அதிலே ஐவர் வாழ்கின்றனர். இருந்த ஒரே கட்டிலை நண்பருக்குக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தார் நிலத்திலே படுத்தனர். சுடச்சுட ரொட்டியும் வெறுந்தேநீரும் தந்தபடியே வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார்: “ஐயா, இந்த மாசத்துல இந்தப் பக்கம் மழைங்க. அப்புத்தளைப் பக்கம் போயிருந்தீங்கன்னா நல்ல வெயிலு. என் தங்கச்சிய அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு. இப்ப அங்க காஞ்ச காத்து. கொழுந்து கொறச்சலா வரும், ஆனா தேயிலைக்கு மணம் கூட.”

அந்த ஒரு வார்த்தையிலே மலைநாட்டின் காலக்கணிதம் முழுவதும் அடங்கியிருந்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவிலே மோதி மழையைக் கொட்டிவிடுகிறது. நீரை இழந்த காற்று மலையைக் கடந்து ஊவாவில் வறண்டு வீசுகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலை மணம் பெறுவது அக்காற்றினாலேயே. ஜனவரி முதல் மார்ச்சு வரை இந்நிலை மாறுகிறது. அப்போது வடகீழ்ப் பருவக்காற்றின் மழையைக் கிழக்குச் சரிவு பெரும்பாலும் ஏற்றுக்கொள்ள, ஹற்றன், திம்புளைப் பகுதிகள் வறட்சியும் குளிர்ச்சியும் அடைந்து நல்ல தேயிலையைத் தருகின்றன. தேயிலை மணக்கும் காலமே துவிச்சக்கரவண்டிக்கும் உகந்த காலமாகும். நாங்கள் சென்ற மாதம் பிழையன்று. மலையின் பக்கமே பிழை. இடைப்பட்ட ஏப்பிரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இரு பக்கத்திலும் பிற்பகல் இடிமழை உண்டு.

அடுத்தது உயரம். மலையிலே வழியைக் கிலோமீற்றரால் மட்டும் அளத்தலாகாது. கம்பளை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 480 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; நுவரெலியா 1868 மீற்றர். ஆகவே ஏறவேண்டியது கிட்டத்தட்ட 1400 மீற்றர். பையுடன் செல்லும் எம் வயதினர் ஒரு மணித்தியாலத்தில் 300 மீற்றருக்குமேல் ஏற இயலாதென்பதைப் பின்னர் ஓடிப் பார்த்து அறிந்தோம். ஏற்றத்துக்கு மாத்திரமே ஐந்து மணித்தியாலம் வேண்டும். ஓய்வையும் உணவையும் சேர்த்தால் ஏழு. அப்படியாயின் முதல்நாள் இரவு கம்பளையிலே தங்கி, விடியற்காலை ஆறு மணிக்கு முன்னரே புறப்படுதல் வேண்டும். இயலாதோர் இறம்பொடையில் ஓரிரவு தங்கி இரு நாளாகப் பகுத்துக்கொள்ளலாம். நில அளவைத் திணைக்களத்தின் தேசப்படங்களிலுள்ள சமவுயரக் கோடுகளைப் படிக்கத் தெரிந்த மாணவன், இக்கணக்கை அரைமணி நேரத்திலே போட்டுவிடுவான்.

வண்டியையும் மலைக்கேற்ப அமைத்தல் வேண்டும். முன்பற்சக்கரத்தில் 24 பற்களும் பின்னே பெரிய பற்சக்கரத்தில் 34 பற்களும் இருந்தால், வண்டியைத் தள்ளாமலே பெரும்பாலான ஏற்றங்களைக் கடக்கலாம். ஆயினும் மலையில் ஆளை வீழ்த்துவது ஏற்றமன்று, இறக்கமே. நீண்ட இறக்கத்திலே தடையை இடைவிடாது பிடித்திருந்தால் விளிம்பு சூடேறும். முன் தடை, பின் தடை என மாறி மாறிப் பிடித்து, இடையிடையே நின்று ஆறவிடுதல் நன்று. மழையிலே தடை பற்றுவதற்கு நேரம் செல்லுமாதலால் வளைவுக்கு நெடுமுன்னரே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். மூடுபனிக்கும் சுரங்கப்பாதைக்கும் முன்விளக்கும் பின்விளக்கும் இன்றியமையாதன.

எல்லாவற்றினும் தலையாயது திரும்பும் நேரம். இன்ன இடத்தை இன்ன மணிக்கு அடையாவிடின் திரும்புவோம் என்று வீட்டிலிருக்கும்போதே எழுதி, எல்லாரும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். களைப்பும் ரோசமும் மேலிட்ட வேளையிலே அம்முடிவைச் செய்யும் தகுதி எவருக்கும் இல்லை. மலைபடுகடாமும் இரவுவழி செல்லவிடாது கூத்தரை மலைக்குகையிலே தங்கவைக்கிறது. இதை வகுப்பிலே எத்தனை முறை விளக்கியிருப்பேன்!

நிற்க. இத்தெருக்களிலே முதலில் நடந்தவர் யாவர் என்பதையும் நாம் எண்ணுதல் தகும். கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்களின் வழித்தோன்றல்களே அந்த இலயத்து மக்கள். அவர்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனியொன்று நிகழ்ந்தது. நாம் இன்பத்துக்காக ஏறும் மலையை, அவர்கள் பிழைப்புக்காக முதுகிற் கூடையுடன் நாள்தோறும் ஏறுகின்றனர்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. மலைநாடெங்கும் மண்சரிந்தது, உயிர்கள் பல மாண்டன, தெருக்களும் புகையிரதப் பாதையும் சிதைந்தன. தொலைபேசியில் அவ்வீட்டாரை அழைத்தேன். மூன்று நாள் மறுமொழி இல்லை. நான்காம் நாள் அவரே அழைத்தார். உயிருக்குச் சேதமில்லை, இலயத்தின் பின்புறம் மண்ணில் அமிழ்ந்துவிட்டது, பாடசாலையொன்றிலே தங்கியிருக்கின்றனர் என்றார். பின்னர், “ஐயாவோட கூட்டாளிக்குக் கை சரியாயிருச்சுங்களா?” என்று கேட்டார். சிறிதுநேரம் எனக்குப் பேச்சு எழவில்லை.

அடுத்த ஜனவரியிலே மேற்குச் சரிவில் ஏறுவதற்கு நாங்கள் வகுத்திருந்த திட்டத்தை அன்றே கைவிட்டோம். நிவாரண வண்டிகள் போகவேண்டிய தெருவிலே வேடிக்கை பார்க்கப் போதல் முறையன்று. அவர்களைக் காணப் பேருந்திலே சென்றோம். அப்பயணத்துக்குத் திட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இனி மலைநாடு செல்ல விரும்பும் இளைஞர்க்கு ஒரு வார்த்தை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையை முதலிற் பாருங்கள். பாதையின் நிலையை அவ்வூராரிடம் கேளுங்கள். மாதத்தையும் மலையின் பக்கத்தையும் பொருத்துங்கள். உயரத்தைக் கணக்கிடுங்கள். திரும்பும் நேரத்தை எழுதுங்கள். வழியிலே தேநீர் தருவோரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என் குறிப்பேட்டிலே இப்பொழுது முதற்பக்கத்தில் நிற்பது அப்பெயரே. உயரங்களும் தூரங்களும் அதன்பின்னரே வருகின்றன.