பல்தளச் செயலியில் மேகப் பின்தளச் செருகுநிரலை இணைத்தல்

மேகப் பின்தளச் செருகுநிரல் என்பது கைபேசிச் செயலி ஒன்றை இணையத்தில் உள்ள தரவுத்தளம், பயனர் உள்நுழைவு, கோப்புச் சேமிப்பு ஆகிய சேவைகளோடு இணைக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு ஆகும். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டுக்கும் ஒரே நிரலில் உருவாக்கப்படும் செயலி பல்தளச் செயலி எனப்படுகிறது. பல்தளச் செயலிகளை எழுதப் பரவலாகப் பயன்படும் ஃபிளட்டர் சட்டகத்தில் கூகுளின் ஃபயர்பேஸ் சேவையை இணைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. ஓசூர் பகுதிக்கு ஏற்ற ஒரு கற்பனைச் செயலி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

பின்னணி

ஃபயர்பேஸ் நிறுவனத்தை ஜேம்ஸ் டாம்ப்ளின், ஆண்ட்ரூ லீ ஆகியோர் 2011-இல் தொடங்கினர. அதற்கு முன் அவர்கள் வலைத்தளங்களுக்கு அரட்டைப் பெட்டி வழங்கும் என்வால்வ் என்ற சேவையை நடத்தினர். சிலர் அதை அரட்டைக்குப் பயன்படுத்தாமல், விளையாட்டுச் செயலிகளின் தரவை உடனுக்குடன் பரிமாறப் பயன்படுத்தியதைக் கண்டு, அந்தப் பகுதியைத் தனிச் சேவையாகப் பிரித்தனர். கூகுள் அதை 2014 அக்டோபரில் வாங்கியது. டார்ட் மொழியில் எழுதப்படும் ஃபிளட்டரின் 1.0 பதிப்பு 2018 டிசம்பர் 4 அன்று வெளிவந்தது.

செருகுநிரல் எவ்வாறு வேலை செய்கிறது

டார்ட் நிரல் கைபேசியின் உள்வசதிகளை நேரடியாக அறியாது. ஆண்ட்ராய்டுக்குரிய ஃபயர்பேஸ் நூலகம் கோட்லின், ஜாவா மொழிகளிலும், ஐஓஎஸ்-க்குரியது ஸ்விஃப்ட், ஆப்ஜெக்டிவ்-சி மொழிகளிலும் பயன்படுத்தத் தக்கவை. இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் போல நிற்பதே செருகுநிரல். எல்லைப் பேருந்தின் நடத்துநர் தமிழில் கேட்பவருக்குத் தமிழிலும் கன்னடத்தில் கேட்பவருக்குக் கன்னடத்திலும் சொல்வதைப் போல, டார்ட் நிரலின் ஒரே கோரிக்கையை அது அந்தந்தத் தளத்தின் மொழியில் கொண்டு சேர்க்கிறது. விடையையும் திருப்பிக் கொண்டுவருகிறது.

எடுத்துக்காட்டு: பணியாளர் பேருந்துச் செயலி

ஓசூர் சிப்காட் வளாகத்தில் உள்ள தொழிற்சாலை ஒன்றுக்கு பாகலூர், தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டை, சூளகிரி, கர்நாடகத்தின் அத்திப்பள்ளி ஆகிய ஊர்களிலிருந்து 30 பேருந்துகளில் 1,500 பணியாளர்கள் வருவதாகக் கொள்வோம். பேருந்து எங்கே வருகிறது என்பதைப் பணியாளர் தம் கைபேசியில் பார்க்க வேண்டும். ஓட்டுநரின் கைபேசி இடத்தை எழுதும். பணியாளரின் கைபேசி அதைப் படிக்கும். இடையில் இருப்பது ஃபயர்ஸ்டோர் என்ற மேகத் தரவுத்தளம்.

இணைக்கும் படிகள்

1. ஃபயர்பேஸ் தளத்தில் புதிய திட்டம் ஒன்றைத் தொடங்க வேண்டும். தரவுத்தளம் அமையும் இடமாக மும்பை மண்டலத்தைத் தேர்ந்தால் தரவு சென்றுவரும் நேரம் குறையும். ஒருமுறை தேர்ந்த இடத்தைப் பின்னர் மாற்ற இயலாது.

2. செயலியின் அடையாளப் பெயரை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஃபிளட்டர் தானாகத் தரும் மாதிரிப் பெயருடன் இணைத்துவிட்டுப் பிறகு பெயரை மாற்றினால், ஃபயர்பேஸில் பதிவான பெயரும் செயலியின் பெயரும் பொருந்தாமல் போகும்.

3. கணினியில் ஃபயர்பேஸ் கட்டளைக் கருவியையும் ஃபிளட்டர்ஃபயர் கட்டளைக் கருவியையும் நிறுவி, கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டும். ஃபிளட்டர்ஃபயரின் உள்ளமைவுக் கட்டளையை இயக்கினால், தேவையான அடையாளங்களைக் கொண்ட டார்ட் கோப்பு ஒன்று தானாக உருவாகும்.

4. ஃபயர்பேஸ் கோர் செருகுநிரலை முதலில் சேர்க்க வேண்டும். மற்றவை அனைத்தும் இதைச் சார்ந்தவை. அதன் பிறகு தரவுத்தளத்துக்குரியதையும் உள்நுழைவுக்குரியதையும் சேர்க்கலாம். தேவையற்றதைச் சேர்த்தால் செயலியின் அளவுதான் கூடும்.

5. செயலியின் தொடக்கச் செயற்கூறில், திரை தோன்றுவதற்கு முன்பே ஃபயர்பேஸைத் தொடங்கி, அது முடியும்வரை காத்திருக்கச் சொல்ல வேண்டும். காத்திருக்காமல் தரவைக் கேட்டால் 'ஃபயர்பேஸ் செயலி எதுவும் உருவாக்கப்படவில்லை' என்ற பிழை வரும். புதிதாகக் கற்போர் பெரும்பாலும் சந்திக்கும் முதல் பிழை இதுவே.

6. ஐஓஎஸ் பதிப்பைத் தொகுக்க மேக் கணினி தேவை.

பிளே ஸ்டோரில் ஏற்றிய பின் வரும் பிழை

சோதனையில் சரியாக இயங்கிய உள்நுழைவு, பிளே ஸ்டோரில் வெளியிட்டதும் நின்றுபோவது உண்டு. கூகுள் உள்நுழைவும் கைபேசி எண் உள்நுழைவும் ஆண்ட்ராய்டில் செயலியின் கையொப்பச் சாவியின் கைரேகையைச் சரிபார்க்கின்றன. பிளே ஸ்டோரின் கையொப்பச் சேவை வழியே வெளியாகும் செயலி வேறு சாவியால் கையொப்பமிடப்படுகிறது. எனவே பிளே கன்சோலில் காணும் கைரேகையையும் ஃபயர்பேஸ் திட்டத்தில் பதிய வேண்டும்.

பாதுகாப்பு விதிகள்

உள்ளமைவுக் கோப்பில் உள்ள ஏபிஐ சாவி இரகசியம் அன்று. செயலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் அதை எடுக்கலாம். அது வீட்டு முகவரி போன்றது, பூட்டு வேறு. வழங்கியில் எழுதப்படும் பாதுகாப்பு விதிகளே அந்தப் பூட்டு.

தரவுத்தளத்தைத் தொடங்கும்போது 'சோதனை முறை' என்று ஒரு தெரிவு உண்டு. அதைத் தேர்ந்தால் 30 நாள்களுக்கு யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். கெடு முடிந்ததும் செயலி திடீரென நின்றுவிடும். அவசரத்தில் நாளை நீட்டிவிட்டு அதை மறந்துவிடுவதுதான் ஆபத்து.

ஆப்தாரிட்டி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2018-இல் நடத்திய ஆய்வில், பூட்டப்படாத ஃபயர்பேஸ் தரவுத்தளங்கள் 2,000-க்கும் மேல் கண்டறியப்பட்டன. அவற்றில் 10 கோடிக்கும் அதிகமான பதிவுகள் திறந்து கிடந்தன. 2025 ஜூலையில் அமெரிக்காவின் டீ என்ற பெண்களுக்கான செயலியில், திறந்து கிடந்த சேமிப்பிலிருந்து சுமார் 72,000 படங்கள் கசிந்தன. அவற்றுள் ஏறத்தாழ 13,000, அடையாளச் சரிபார்ப்புக்காகப் பெண்கள் தந்த முகப்படங்களும் அடையாள அட்டைப் படங்களும் ஆகும்.

நம் பேருந்துச் செயலியில் இரவுப் பணி முடிந்து செல்லும் பெண்களின் பெயர், கைபேசி எண், இறங்கும் நிறுத்தம் ஆகியவை இருக்கும். அவை யார் கையிலும் கிடைக்கலாம் என்றால், அச்செயலி இல்லாமல் இருப்பதே நல்லது. பின்வரும் விதிகள் குறைந்தபட்சத் தேவை:

- ஓட்டுநர் தம் பேருந்தின் இடத்தை மட்டுமே எழுதலாம்.
- உள்நுழைந்த பணியாளர் தம் தடத்தின் பேருந்தை மட்டுமே பார்க்கலாம்.
- கைபேசி எண்ணை உரியவரும் போக்குவரத்துப் பொறுப்பாளரும் மட்டுமே பார்க்கலாம்.

ஃபயர்ஸ்டோரில் ஓர் ஆவணத்தைப் படிக்க அனுமதித்தால் அது முழுவதையும் படிக்க அனுமதித்ததாகும். ஒரு புலத்தை மட்டும் மறைக்க முடியாது. ஆகையால் இடத்தையும் கைபேசி எண்ணையும் ஒரே ஆவணத்தில் வைக்காமல் தனித்தனித் தொகுப்புகளில் வைக்க வேண்டும். செயலியின் திரையில் எண்ணைக் காட்டாமல் விடுவது பாதுகாப்பு ஆகாது.

இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தரவைத் திரட்டுவோரே அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பு என்கிறது. 18 வயது நிறையாதோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. பள்ளிச் செயலி செய்யும் மாணவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அலைவரிசை இல்லாத இடங்களில்

மலைச் சாலைகளில் அலைவரிசை விட்டுவிட்டுக் கிடைக்கும். ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்-இலும் ஃபயர்ஸ்டோர் செருகுநிரல் தரவின் நகலைக் கைபேசியிலேயே வைத்துக்கொள்கிறது. இணைப்பு இல்லாதபோது எழுதியவை வரிசையில் நின்று, இணைப்பு வந்ததும் மேகத்துக்குச் செல்கின்றன.

இதில் இரு நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, எழுதும் கட்டளை முடியும்வரை காத்திருக்குமாறு நிரல் எழுதினால், வழங்கியின் ஒப்புதல் வரும்வரை அது முடியாது. இணைப்பில்லாதபோது திரையில் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டாவது, பரிவர்த்தனை எனப்படும் செயல்கள் இணைப்பின்றி நடைபெறா. இருக்கை முன்பதிவு போன்றவற்றுக்கு இது பொருந்தும்.

செலவுக் கணக்கு

ஃபயர்ஸ்டோரின் இலவச அளவு நாளொன்றுக்கு 50,000 வாசிப்பு, 20,000 எழுத்து ஆகும். 30 பேருந்துகளும் 2 மணி நேரம், 10 நொடிக்கு ஒருமுறை இடத்தை எழுதினால் 21,600 எழுத்துகள் ஆகும். 1,500 பணியாளர்களும் ஆளுக்கு 15 நிமிடம் பார்த்தால் 1,35,000 வாசிப்புகள். இரண்டுமே வரம்பைத் தாண்டுகின்றன.

இடைவெளியை 30 நொடியாக்கினால் எழுத்து 7,200 ஆகவும், வாசிப்பு ஏறத்தாழ 45,000 ஆகவும் குறையும். நிறுத்தத்தில் நிற்பவருக்கு 30 நொடி பெரிய வேறுபாடு அன்று. நிரல் எழுதுமுன் இவ்வாறு பெருக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். குறுஞ்செய்தி வழி உள்நுழைவுக்குக் கட்டணத் திட்டம் தேவை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாற்றுச் சேவைகள்

சூப்பாபேஸ், ஆப்ரைட் ஆகியவை திறந்த மூலச் சேவைகள். சொந்த வழங்கியிலும் நிறுவலாம். தமிழ்நாட்டின் சோஹோ நிறுவனம் கேட்டலிஸ்ட் என்ற சேவையை வழங்குகிறது.

எந்தச் சேவையும் நிலையானது அன்று. ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய பார்ஸ் என்ற பின்தளச் சேவை 2017 ஜனவரியில் மூடப்பட்டது. ஃபயர்பேஸின் டைனமிக் லிங்க்ஸ் வசதியும் 2025 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. செருகுநிரலை அழைக்கும் வரிகளைச் செயலி முழுவதும் சிதறவிடாமல் ஒரே கோப்பில் தொகுத்து வைத்தால், சேவையை மாற்ற நேரும்போது திருத்த வேண்டிய இடம் அந்த ஒன்றாகவே இருக்கும்.