மேலே விமானம், கீழே வெள்ளைக் கோடு

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் 'விமானத்திலிருந்து வேகம் கண்காணிக்கப்படுகிறது' என்று பலகை வைத்திருப்பார்கள். படிப்பவருக்கு, விமானத்தின் அடியில் பெரிய ரேடார் ஏதோ இருக்கும் என்றுதான் தோன்றும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஸ்டாப்வாட்ச். கருவியின் மறுபாதி தரையில் கிடக்கிறது: சாலையில் குறுக்காகப் பூசிய தடித்த வெள்ளைக் கோடுகள்.

கோடுகளின் இடைவெளியை முன்கூட்டியே அளந்து வைத்திருக்கிறார்கள். கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். செஸ்னா போன்ற சிறு விமானத்திலிருந்து காவலர் ஒரு காரைக் குறிவைக்கிறார். முதல் கோட்டை அது தொட்டதும் பொத்தானை ஓர் அழுத்து. அடுத்த கோட்டில் மறுபடி ஓர் அழுத்து. 900-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்பது கிடைத்துவிடும். 15 விநாடி ஆனால் 60 மைல், 12 ஆனால் 75, 10 ஆனால் 90. காரின் நிறமும் அது போகும் தடமும் ரேடியோவில் கீழே போகும்; அங்கே காத்திருக்கும் ரோந்துக் கார் மடக்கும்.

சரி, விமானமும்தானே ஓடுகிறது? காற்று வேறு அதைத் தள்ளுகிறதே? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: கணக்கில் விமானத்தின் வேகம் வருவதே இல்லை. காரும் கோடும் தரையில் இருக்கின்றன. கார் கோட்டைத் தொடும் கணத்தை எங்கிருந்து பார்த்தாலும் அது ஒரே கணம்தான். ரேடார் என்றால் விமானத்தின் வேகத்தைக் கழிக்க வேண்டும், சாய்கோணத்துக்கும் திருத்தம் போட வேண்டும். போதாக்குறைக்கு, காரில் ரேடார் டிடெக்டர் வைத்திருப்பவர் உஷாராகிவிடுவார். ஸ்டாப்வாட்ச் எந்த அலையையும் அனுப்புவதில்லையே!

விரல் பிசகும், உண்மைதான். 10 விநாடியில் 0.2 விநாடி தவறினால் சுமார் 2 மைல் வேகம் மாறிப்போகும். அதே காரை நான்கு இடைவெளிகள் தாண்டி ஒரு மைலுக்குத் தொடர்ந்தால், அந்தப் பிழை மணிக்கு அரை மைலுக்கும் கீழே இறங்கிவிடும்.

கிடைப்பது சராசரி வேகம் மட்டுமே என்று ஓட்டுநர் வாதாடலாம். அது அவருக்கே பாதகம். சராசரி 80 என்றால், ஏதாவது ஒரு கணத்தில் கார் 80-ஐத் தொட்டே இருக்க வேண்டும். நுண்கணிதத்தின் இடைமதிப்புத் தேற்றம் அதற்கு உத்தரவாதம்.

விமானத்துக்கு எரிபொருள் செலவு உண்டு. மேகம் மூடினால் வேலையும் நடக்காது. விமானமே இல்லாமல் பிரிட்டனின் சராசரி வேகக் கேமராக்கள் இதே வகுத்தலைத்தான் செய்கின்றன: கோடுகளுக்குப் பதில் இரண்டு கேமராக்கள், காவலரின் கண்ணுக்குப் பதில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் மென்பொருள்.