தாயின் தாயைப் பெற்றவள்

தம் குலத்தின் பூர்வோத்தரத்தை எடுத்துரைக்கத் தொடங்கும் நம்மவர்கள், தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என்று மூன்று தலைமுறையைத் தடையின்றிச் சொல்லிவிடுவதோடு, கொஞ்சம் தூண்டினால் அதற்கும் மேலே ஒருவரை, இன்ன ஊரிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர், இன்ன ஜமீனில் கணக்கெழுதியவர் என்ற குறிப்போடு நினைவுகூர்வதும் உண்டு. அதே மனிதரிடம், "உங்கள் தாயாரின் தாயாரைப் பெற்ற அம்மையாரின் பெயர் என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கிறது. பெயர் மட்டுமன்று, அவள் பிறந்த ஊரும், அவள் தகப்பனார் செய்த தொழிலும், அவளுக்கு உடன்பிறந்தார் எத்தனை பேர் என்பதும் ஒருங்கே மறைந்துபோயிருக்கின்றன. அவள் இவருக்கு முப்பாட்டனாரைவிடத் தூரத்து உறவல்லள். இருவரும் ஒரே படியில் நிற்கிறவர்கள்.

இந்த மறதி தற்செயலாக நேர்ந்ததன்று. வைதிக முறைப்படி அமாவாசைத் தர்ப்பணம் செய்கிறவர், தந்தை, பிதாமகர், பிரபிதாமகர் ஆகிய மூவருக்கும் அவர்தம் பத்தினியருக்கும் எள்ளும் நீரும் இறைத்தபின், தாய்வீட்டு வர்க்கத்தாரையும் மறவாமல் அழைக்கிறார். ஆனால் அங்கே அழைக்கப்படுகிறவர்கள் தாயின் தந்தை, அவருடைய தந்தை, அவருக்கும் தந்தை என்ற மூன்று ஆடவரும் அவர்களுடைய மனைவியருமே. தாயைப் பெற்றவள், அம்மூவருள் முதல்வரின் மனைவி என்ற முறையில் அவ்வரிசையில் இடம்பெறுகிறாள். அவளைப் பெற்றவளுக்கோ அதில் இடமில்லை. மற்றக் குடும்பங்களில் வழக்கங்கள் வேறுபட்டாலும், குலதெய்வம் தந்தைவழியாகவே வருவதால், மணமாகிச் சென்ற பெண் கணவன் வீட்டுத் தெய்வத்துக்கே பொங்கல் வைக்கிறாள். பங்காளிகள் என்று கூடுகிறவர்களும் ஆண்வழி வந்தவர்களே. பெண்ணிலிருந்து பெண்ணுக்குச் செல்லும் தொடர்ச்சியை நினைவில் வைப்பதற்கென்று ஒரு சடங்கோ ஒரு கோயிலோ நம்மிடையே பெரும்பாலும் இல்லை.

ஆனால், மனிதர் மறந்த அந்தத் தொடர்ச்சியை உடல் மறக்கவில்லை. நம் உயிரணுக்களில் மிகப் பெரும்பாலானவற்றில், உணவிலிருந்து சக்தியைப் பிரித்தெடுக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கென்று, உயிரணுவின் மையக்கருவிலுள்ள டி.என்.ஏ.வுக்குப் புறம்பாக, 16,569 எழுத்துகளே கொண்ட ஒரு சிறு வளைய டி.என்.ஏ. உண்டு. இது தாயின் கருமுட்டை வாயிலாகவே குழந்தைக்கு வருகிறது. தந்தையின் பங்கு இதில் இல்லை. மகனும் இதைப் பெறுகிறானாயினும் தன் மக்களுக்குக் கொடுப்பதில்லை. மகள் பெற்றுக் கொடுக்கிறாள். ஆகவே, இக்கட்டுரையைப் படிக்கிறவர் ஆணாயினும் பெண்ணாயினும், பெயர் தெரியாத அந்தத் தாயின் தாயின் தாயிடமிருந்து வந்த வளையத்தை ஏறத்தாழ மாற்றமின்றித் தம் உடம்பில் தாங்கிக்கொண்டிருக்கிறார். 1987ஆம் வருஷத்தில் ரெபெக்கா கான், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் ஆகிய மூவர், பல கண்டத்து மக்கள் 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, இன்று வாழும் மனிதர் அனைவருடைய தாய்வழியும் சுமார் இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒருத்தியிடம் சென்று கூடுவதாக வெளியிட்டார்கள். அந்த ஆராய்ச்சிக்கு அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்திய பொருள், பிரசவத்துக்குப்பின் கழித்துவிடும் நஞ்சுக்கொடி என்பதை இங்கே சொல்லாமல் விடுவதற்கு எனக்கு மனமில்லை.

ஆண்வழிக்கும் இத்தகைய ஒரு சாட்சி உண்டு. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் அது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்பென்சர் வெல்ஸும் மதுரைக்கருகிலுள்ள ஜோதிமாணிக்கம் என்னும் சிற்றூர்வாசி ஒருவரிடம் எம்130 என்ற தொன்மையான அடையாளத்தைக் கண்டு, ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாகவே ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதிமனிதரின் சுவடு அது என்று விளக்கியபோது, நாட்டின் பத்திரிகைகளெல்லாம் அச்செய்தியைக் கொண்டாடின. பின்னர் 2012இல் பிச்சப்பன் குழுவினர் தமிழ்நாட்டின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஆராய்ந்து, இச்சமூகங்களிடையே காணும் வேறுபாடு ஜாதிமுறைக்கு முற்பட்டதென்றும், வேளாண்மையின் பரவலோடு தொடர்புடையதென்றும் எழுதினார்கள். அரிய பணிகள்தாம். எனினும், அவற்றில் பேசப்பட்டதும் தந்தையரின் வரலாறே.

மூதாதையரின் தொகை தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிக்கும் என்பது கணக்கு. பத்துத் தலைமுறைக்கு முன் 1,024 பேர். இருபதுக்கு முன் பத்து லட்சத்துக்கும் மேல். முப்பதுக்கு முன் நூறு கோடியைத் தாண்டும். அக்காலத்தில் உலகிலேயே அவ்வளவு ஜனங்கள் இல்லையாதலால், ஒரே மனிதர் நம் வம்சாவளியில் பல இடங்களில் திரும்பத் திரும்ப நின்றாக வேண்டும். அத்தை மகளையும் மாமன் மகளையும் மணப்பது முறையென்று கொண்ட நம் நாட்டில் இந்தச் சுருக்கம் வெகு விரைவிலேயே தொடங்கிவிடுகிறது: அவ்வாறு மணந்தவர்களுக்குப் பிறந்த குழந்தைக்குக் கொள்ளுப்பாட்டன் கொள்ளுப்பாட்டிமார் எட்டுப் பேரல்லர், ஆறு பேரே. இன்னொரு விந்தையும் உண்டு. தலைமுறைதோறும் மரபணுத் தொகுதி பாதி பாதியாகப் பிரிந்தே கைமாறுவதால், பத்தாம் தலைமுறை முன்னோர் ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஏறத்தாழப் பாதிப் பேரின் டி.என்.ஏ.வில் ஒரு துணுக்குக்கூட நம்மிடம் மிஞ்சியிருக்காது. ஆடவருக்கு நேரான ஆண்வழி ஒருவரும், அனைவருக்கும் நேரான பெண்வழி ஒருத்தியும் மட்டும் அந்த விதிக்கு விலக்கு.

ஆயினும் டி.என்.ஏ.விடம் பெயரைக் கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. மைட்டோகாண்ட்ரியா வளையம் மிக மெதுவாகவே மாறுவதாகையால், இருவருடைய வளையங்கள் ஒத்திருந்தால் அவர்களுக்குப் பொதுவான ஒரு தாய் எப்போதோ இருந்தாள் என்பது நிச்சயம். அவள் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவளா, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவளா என்பது நிச்சயமில்லை. எச்சிலை அனுப்பினால் பூர்விகத்தைச் சதவீதக் கணக்கில் தெரிவிக்கும் கம்பெனிகளை நம்பிப் பணம் செலுத்துமுன், அச்சதவீதங்கள் அக்கம்பெனி வைத்திருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடுகளே என்பதையும், நாம் கொடுக்கும் மாதிரி நம் உடன்பிறந்தாருடைய அந்தரங்கத்தையும் சேர்த்தே வெளிப்படுத்துகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெயரும் ஊரும் வேண்டுமானால் காகிதத்திடம்தான் போக வேண்டும்.

நான் வசிக்கும் பாலவாக்கம், இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் கட்டடங்கள் நிறைந்து சென்னை மாநகராட்சியின் அங்கமாக விளங்கினாலும், 2011 வரை ஒரு கிராம ஊராட்சியாகவே இருந்தது. மாவட்டத்தைப் பார்த்தாலோ, 1997 வரை செங்கற்பட்டையும், பின்னர் காஞ்சிபுரத்தையும், 2018 முதல் சென்னையையும் சேர்ந்தது. இருந்த இடத்தில் ஊர் இருக்க, அதன் பத்திரங்களும் பதிவேடுகளும் அலுவலகம் விட்டு அலுவலகம் மாறியிருக்கின்றன. ஆகையால் வம்சாவளி தேடுகிறவர், "என் ஊர் இன்று எந்த மாவட்டம்?" என்பதைவிட, "என் பாட்டி பிறந்த ஆண்டில் எந்த மாவட்டமாக இருந்தது?" என்றே முதலில் கேட்க வேண்டும்.

இந்தச் செங்கற்பட்டுச் சீமைக்கு வேறு ஊர்களுக்கு வாய்க்காத ஒரு செல்வம் வாய்த்திருக்கிறது. ஆற்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பெற்ற இப்பகுதியை, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் எஞ்சினீயர் ஊர் ஊராக அளந்து, ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களில் எத்தனை வீடு, எவர் என்ன தொழில், விளைச்சலில் எவருக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கெடுத்தார். அதற்கு ஆதாரமாக ஊர்க்கணக்கர்கள் தமிழில் எழுதிக் கொடுத்த ஓலைகளில் பல, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் எப்படி வாழ்ந்தது என்பதை அறிய அதைவிடச் சிறந்த சாட்சியம் அரிது. ஆனால் வீட்டையும் தொழிலையும் எண்ணுவதற்காக எழுதிய கணக்கில் ஒரு வீட்டுப் பெண்ணைத் தேடுவது வீண்.

அவள் அகப்படும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். பத்திரப் பதிவுக்கான சட்டம் 1864இல் பிறந்தது. இன்று வழக்கிலிருப்பது 1908ஆம் வருஷத்துச் சட்டம். வீடோ நிலமோ வைத்திருக்கும் குடும்பத்தார் தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிச் சென்றால், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஆண்மக்கள் வரிசையாக நிற்பார்கள். சொத்தில் தமக்குரிய பாத்தியத்தை விட்டுக்கொடுத்ததாகப் பெண்மக்கள் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்திலோ, இன்னாரின் குமாரத்தியும் இன்ன ஊரிலிருக்கும் இன்னாரின் பாரியாளுமான இன்னாள் என்று, பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து நிற்கும். அடியில் இடது கைப் பெருவிரல் ரேகை. உரிமையை விட்டுக்கொடுத்த அந்த ஒரு தருணத்திலேதான் பல பெண்களின் பெயர் சர்க்கார் ஏட்டில் ஏறியிருக்கிறது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் அதுவரை மணமாகாதிருந்த மகளுக்கும் மகனோடொத்த பங்கு 1989 மார்ச் 25 முதல் கிடைத்தது. அதற்குப் பிற்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரங்களில் மகள்கள் பங்குதாரர்களாகவே வருகிறார்கள்.

பிறப்பு இறப்புப் பதிவேடுகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. சென்னை மாகாணத்தில் இதற்கென 1899இல் ஒரு சட்டம் ஏற்பட்டதாயினும், குழந்தையின் பதிவைத் தந்தையின் ஊரிலேயே தேடி ஏமாந்து திரும்புகிறவர்கள் அநேகர். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கமாதலால், மூத்த பிள்ளையின் பிறப்பு பதிவாகியிருக்கக்கூடிய இடம் தாய் பிறந்த ஊரே. மூத்தவர் எங்கே பிறந்தார் என்ற செய்தி ஒன்று கிடைத்தால், தாய்வழியில் ஒரு படி ஏறிவிடலாம்.

நம் சரித்திரத்தில் பெண்களைத் தனித்தனியே பெயர் சொல்லி எழுதிய ஏடுகள் இல்லாமலில்லை. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த சாசனம், நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை இன்ன தெரு, இத்தனையாம் வீடு, இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொருத்தியாக எண்ணுகிறது. அதற்கு எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின் சாதாரணக் குடியானவப் பெண்களை அதே நுணுக்கத்தோடு எழுதிவைத்தது யார் என்று தேடினால், கிடைக்கும் விடை வேதனையானது: கரும்புத் தோட்டங்களுக்கு ஆளனுப்பிய குடியேற்ற அலுவலகம்.

துறைமுகம் கட்டப்படாத அந்நாளில், சென்னைக் கரையிலிருந்து அலை கடந்து கப்பல் சேர்வது மசூலாப் படகில்தான். அவ்வாறு 342 பேரை ஏற்றிக்கொண்டு 1860 அக்டோபரில் புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்றவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு அல்லது மச்சம் — இத்தனையும் கப்பல் பட்டியலில் உண்டு. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது செல்லவேண்டும் என்று பிற்காலத்தில் விதித்திருந்தபடியால், பெண்களையும் தனியே எண்ணிக் காட்ட வேண்டியிருந்தது. அதனால் ஒருத்தி கணவனுக்குப் பின்னால் மறைந்துவிடாமல், தன் எண்ணோடும், தன் தகப்பன் பெயரோடும், தான் பிறந்த கிராமத்தோடும் அங்கே நிற்கிறாள். மொரீஷியஸிலோ, மோகா நகரத்து மகாத்மா காந்தி நிலையத்தில் பாதுகாக்கப்படும் குடியேற்றப் பதிவேடுகளில், 1860களிலிருந்து அவர்களுடைய புகைப்படங்களும் சேர்ந்திருக்கின்றன.

அப்பதிவுகளைக் கையில் ஏந்தி, நாயுடு, கோவேந்தர், மூட்லி, படையாச்சி என்று குடும்பப்பெயராக இறுகிவிட்ட பட்டங்களோடு, ஐந்தாறு தலைமுறைக்குப்பின் வட ஆற்காட்டிலும் செங்கற்பட்டிலும் ஊர் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழறியாத குமாஸ்தா காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயரை வாய்விட்டுப் பல விதமாக உச்சரித்துப் பார்ப்பதும், அந்நாளைய ஜில்லா எல்லையோடு ஒப்பிடுவதும், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய்த்துறை ஏடுகளைப் புரட்டுவதுமே அவர்களுடைய வழி. மொரீஷியஸ்வாசிகளுக்கு ஏழாம் தலைமுறை வரை வெளிநாடு வாழ் இந்தியக் குடியுரிமை அட்டை வழங்கப்படும் என்று 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டபின், இத்தேடலுக்குச் சட்டப் பயனும் சேர்ந்துகொண்டது. ஊரிலேயே இருந்துவிட்ட நம் பாட்டிமாரைப் பற்றி இத்தகைய பட்டியல் எதுவும் இல்லை.

அவர்களைப் பற்றி அறிந்தவர்கள் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள். எண்பது வயது மூதாட்டியிடம், "உங்கள் குடும்ப வரலாற்றைச் சொல்லுங்கள்" என்றால் கணவன் வீட்டுக் கதையைத்தான் சொல்வார். மாறாக, "உங்கள் அம்மாவுக்குத் தாய்மாமன் சீர் யார் கொண்டுவந்தார்கள்? எந்த ஊரிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள்? சின்ன வயதில் விடுமுறைக்கு எந்த ஆயா வீட்டுக்குப் போவீர்கள்?" என்று கேட்டால், மறந்ததாக அவரே எண்ணியிருந்த பெயர்கள் வரும்.

கேட்கும்போது நோய்களையும் கேட்டெழுத வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் உண்டு. ஹைதராபாத்தின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ் முதலானோர் 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சி, தெற்காசியாவில் தமக்குள்ளேயே மணம் செய்துவரும் சமூகங்கள் பலவற்றில், சிலரே ஆதி முன்னோராக இருந்ததால், சில மரபுக் குறைபாடுகள் செறிந்திருப்பதைக் காட்டுகிறது. அவற்றுள் ஒன்றான வைசியரிடையே, அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தைச் சிதைக்கும் நொதி குறைந்திருப்பது, மற்றவர்களிடம் காண்பதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு அதிகம். அக்குறையுள்ளவர்களுக்குச் சில நிமிஷங்களில் திரும்ப வேண்டிய மூச்சு, மணிக்கணக்கில் திரும்பாமற்போகும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால்தான் இக்குறை தலையெடுக்கும். ஆகையால் தந்தைவழியை மட்டும் அறிந்து வைத்தியரிடம் போகிறவர் பாதி விஷயத்தோடுதான் போகிறார். தாய்வீட்டில் ஆபரேஷனுக்குப்பின் மூச்சுத் திரும்பத் தாமதமானவர் யாரேனும் உண்டா என்ற கேள்வியும், அதற்குப் பாட்டி சொல்லும் விடையும், ஊர்ப்பெயர்களை எழுதிய அதே நோட்டுப் புத்தகத்தில் ஏற வேண்டியவை.