தி ஹேக் சம்மர் கோர்ஸ்: ஃபீஸோட கணக்கு முடியாது

ஒரு கம்பெனி லீகல் டீம்ல இருக்கிற தம்பி கேட்டார்: "அண்ணா, தி ஹேக் அகாடமியில மூணு வாரம் படிக்கப் போகலாமா? ஃபீஸ் ரெடியா இருக்கு."

நல்ல இடம்தான். 1923-ல் ஆரம்பித்தது, சர்வதேச நீதிமன்றம் இயங்கும் அமைதி அரண்மனை வளாகத்தில் வகுப்பு. இரண்டு பிரிவு உண்டு. வெளிநாட்டு கான்ட்ராக்ட் பார்ப்பவர் என்றால் பிரைவேட் இன்டர்நேஷனல் லா எடுங்க. எந்த நாட்டுச் சட்டம், எந்த கோர்ட் என்பதெல்லாம் அதில்தான் வரும். ஆனா கையில் கிடைப்பது வருகைச் சான்றிதழ், டிகிரி இல்லை.

இப்போ செலவு. ஷெங்கன் விசா 90 யூரோ, நிராகரித்தாலும் திரும்ப வராது. 30,000 யூரோ கவரேஜ் உள்ள டிராவல் இன்ஷூரன்ஸ் கட்டாயம். பல கிரெடிட் கார்டுகளில் 3.5% வரை மார்க்கப், அதுக்கு 18% ஜிஎஸ்டி வேற. கோடை சீசன்ல ரூம் வாடகைதான் பெரிய அடி.

பலர் மறக்கும் செலவு லீவு. 60,000 சம்பளத்துக்கு 21 நாள் லாஸ் ஆஃப் பே போட்டா 42,000 போச்சு!

பர்சனல் லோன் எடுத்துப் போறதா இருந்தா வேண்டாம்னுதான் சொல்வேன். அகாடமியே ஸ்காலர்ஷிப் தருது, முதல்ல அதுக்கு அப்ளை பண்ணுங்க. கிடைக்கலையா, இப்பவே ஒரு ஆர்டி ஆரம்பிச்சு அடுத்த வருஷம் போங்க.