தூண்டில் போட லைசென்ஸ் வேணுமா? புளியஞ்சோலை முதல் கடற்கரை வரை...

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலைக்குக் குளிக்கப் போகிற இளைஞர்கள் சிலர் பையில் தூண்டிலையும் சொருகிக்கொள்கிறார்கள். ஓடையில் துள்ளும் மீனைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால், காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் மீன் பிடிப்பது குற்றம்.

சரி, கடல் யாருக்கும் சொந்தமில்லையே, அங்கே போடலாமா?

கரையில் நின்று தூண்டில் போட்டு நாலு மீன் பிடித்து வீட்டில் குழம்பு வைப்பவரை சட்டம் தேடிவராது. 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பேசுவது படகைப் பற்றி. மீன்பிடித் தொழிலுக்குப் போகும் படகுக்குப் பதிவும் வேண்டும், உரிமமும் வேண்டும். விசைப்படகு மட்டுமல்ல, கட்டுமரமும் நாட்டுப்படகும் இதில் அடக்கம். ஆக, நண்பர்கள் சேர்ந்து படகு பிடித்துப் போவதாக இருந்தால், முதலில் அந்தப் படகின் காகிதங்களைக் கேட்பது நல்லது.

உரிமம் இருந்தாலும் இஷ்டத்துக்கு வலை வீச முடியாது. கரையிலிருந்து 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் வரை நாட்டுப்படகுகளுக்கான இடம். விசைப்படகு அதைத் தாண்டித்தான் தொழில் செய்ய வேண்டும். இந்தக் கோட்டை மீறி இழுவைமடி உள்ளே வந்தால், அறுந்து போவது நாட்டுப்படகுக்காரரின் வலை. கடன் வாங்கி வாங்கிய வலை அது. கடற்கரை ஊர்களில் பல சண்டைகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

12 கடல் மைல் வரை மாநில அரசின் அதிகாரம். அதற்கு அப்பால் மத்திய அரசு. ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகள் ஆன்லைனில் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும் என்ற விதி 2025 நவம்பரில் வந்தது. சிறு, பாரம்பரிய மீனவர்களுக்கு விலக்கு உண்டு.

மன்னார் வளைகுடாவில் இன்னும் கவனம் தேவை. அங்குள்ள 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்கா. கடல் அட்டை, கடல் குதிரை பிடித்தால் வனவிலங்குச் சட்டம் பாயும். உரிமம் கையில் இருந்தாலும் தப்ப முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதால் இந்த ஓய்வு. நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். கடலே பார்க்காத துறையூர்ப் பக்கத்து வீடுகளுக்கும் அந்தச் சேதி வந்துவிடும், மீன்காரர் சொல்லும் விலையில்!