சர்க்கரையும் ரத்தக்குழாயின் உட்சுவரும்

சர்க்கரை நோயாளிக்குக் கண் மங்குவதும், சிறுநீரகம் பழுதாவதும், கால் புண் ஆறாமல் இழுப்பதும் தனித்தனி நோய்கள்போலத் தெரியும். மூன்றிலும் பங்குள்ள ஓரிடம் உண்டு. ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒற்றைச் செல் அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலியம்தான் அது.

முயலின் பெருந்தமனித் துண்டில் இந்த அடுக்கைச் சுரண்டிவிட்டால், அசிட்டைல்கோலின் கொடுத்தாலும் குழாய் தளராது என்று 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். தளரச் சொல்லி உட்சுவர் அனுப்பும் சேதி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பிறகுதான் புரிந்தது. 1998இல் இக்னாரோ, முராட் இருவரோடும் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்சுலினும் இந்த வாயுவைச் சுரக்கவைக்கிறது. இன்சுலினுக்கு உடல் மசியாதபோது இந்தப் பாதை மட்டும் அடைபடுகிறது. குழாயைச் சுருக்கும் எண்டோதீலினுக்கான பாதை திறந்தே கிடக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியே நின்றால் பி.கே.சி. என்ற நொதியும் முடுக்கப்பட்டு, குழாய் கசியத் தொடங்குகிறது. வலி மட்டும் இருக்காது. வலித்திருந்தால் நாம் எப்போதோ டாக்டரிடம் ஓடியிருப்போம்.

ஆகவே கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனைகள் உண்டு. டைப் 2 என்றால் நோய் தெரிந்த நாளிலேயே தொடங்கி, ஆண்டுதோறும் விழித்திரையையும் பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினின் நார்மல் என்று திருப்திப்படாதீர்கள். சிறுநீர் விகிதம் 30ஐ எட்டினாலே மறுபடி சோதிக்க வேண்டும்.

பி.கே.சி.யை அடக்கினால் போதுமே என்று தோன்றும். அப்படி உருவான ரூபாக்சிஸ்டாரின் மாத்திரை, பெரிய சோதனைகளுக்குப் பிறகும் அமெரிக்காவில் அனுமதி பெறவில்லை. ஆராய்ச்சிக் கூடத்திலேயே இவ்வளவு சிக்கல் என்றால், 'சர்க்கரையை வேரோடு குணமாக்குவோம்' என்ற விளம்பரத்தை என்ன சொல்ல? 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. அத்தகைய விளம்பரமே குற்றம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். அந்த விளம்பரத்தை நம்பி இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

புதிய மருந்துச் சோதனையில் சேர அழைத்தால் பயப்பட வேண்டியதில்லை, விசாரித்துச் சேருங்கள். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, புரியும் மொழியில் விளக்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.