கிற்றாராகத் தோற்ற பெட்டி

"மெஷினால் ராகம் வாசிக்க முடியுமா? எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் கீபோர்ட் வாசிப்பதைக் கேட்டால் முடியாது என்றுதான் படுகிறது" என்று சாட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நியாயமான சந்தேகம். ஆனால் நாதஸ்வரம்போல, வயலின்போல ஒலிக்கும்படி வற்புறுத்தப்படும் ஒரு கருவியைக் கேட்டு மெஷினையே எடைபோட்டுவிடக் கூடாது. மெஷினை மெஷினாகவே பேசவிட்ட ஒரு இசைத்தட்டு 1982இல் பம்பாயில் வெளிவந்தது. ஹிந்தித் திரையிசைக் குழுக்களில் பாஸ் கிற்றாரும் ஸ்டீல் கிற்றாரும் வாசித்துப் பெயரெடுத்த சரண்ஜித் சிங், டிஸ்கோத் தாளத்துக்குப் பத்து ராகங்களை வாசித்து எச்எம்விக்குக் கொடுத்தார். பாட்டு இல்லை, தபேலா இல்லை, சித்தார் இல்லை. இருந்தவை மூன்று றோலண்ட் கருவிகள்: ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர், ரீஆர்-808 தாளப்பெட்டி, ரீபி-303 என்ற சிறிய வெள்ளிநிறப் பெட்டி. தட்டு விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகே உலகம் அதைக் கேட்டது.

மூன்றிலும் விநோதமானது அந்த 303தான். பாஸ் கிற்றார் வாசிக்க ஆள் கிடைக்காத கலைஞருக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஜப்பானில் செய்யப்பட்டது. அந்த வேலையில் படுதோல்வி அடைந்து 1984இலேயே உற்பத்தி நின்றுபோனது. அதற்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் முறையைப் பார்த்தால் காரணம் புரியும். முதலில் சுரங்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திக் கொடுக்க வேண்டும். எது எவ்வளவு நேரம் என்ற பேச்சே அப்போது இல்லை. பிறகு வேறொரு நிலைக்கு மாற்றி, 16 கட்டங்களில் எதில் அடுத்த சுரம் விழ வேண்டும், எதில் முந்தியது நீள வேண்டும், எதில் மௌனம் என்று தனியாகக் குறிக்க வேண்டும். கிற்றார்காரர்களுக்கு இது பெரிய தலையிடி. சுரம் வேறு, கார்வை வேறு என்று எழுதிப் படித்த எங்கள் இசை மாணவருக்கு அவ்வளவு அந்நியமாக இராது. இன்னொரு வசதியும் அதில் உண்டு. குறிப்பிட்ட சுரத்தில் ஒரு பொத்தானை அழுத்திவைத்தால், ஒலி அறுபடாமல் அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும். கிற்றார் தந்தியில் விரல் வழுக்குவதைப் போலச் செய்ய வைத்தது அது. நாங்கள் அதை ஜாரு என்போம்.

தோல்விக்கான மூலகாரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது என்பது என் வாதம். மேற்கத்தியப் பாட்டில் கோர்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, மாறிக்கொண்டே இருக்கும். அது மாறும் ஒவ்வொரு இடத்திலும் பாஸும் மாற வேண்டும். 16 கட்டத்துக்குள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும் பெட்டிக்கு அது சிறைவாசம். ராகத்திலோ கோர்ட் மாற்றம் என்பதே கிடையாது. ஒரே ஆதார ஷட்ஜம் தொடக்கம் முதல் முடிவுவரை நிற்கிறது. அதன்மேல் அதே சில சுரங்கள் வேறுவேறு அடுக்கில் வருகின்றன. கிற்றாருக்குக் குறையாயிருந்த அந்தப் பிடிவாதமே ராகத்துக்குப் பொருந்திவிட்டது. இதற்கு வெளிச்சாட்சியும் இருக்கிறது. 1987இல் சிக்காகோவின் ஃபியூச்சர் குழு, மலிவாகக் கைமாறிய 303ஐ எடுத்து ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசைக்கு முன்னோடியான 'ஆசிட் ட்ராக்ஸ்' தட்டை வெளியிட்டது. அவர்களும் முதலில் கைவிட்டது கோர்ட் மாற்றத்தைத்தான். இரண்டு தட்டுகளும் அண்ணன் தம்பிபோல ஒலிப்பதற்கு அது போதும். ஒன்று மற்றதைப் பிறப்பித்தது என்று சொல்ல ஆதாரமில்லை. 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்த இந்தியர்' என்று சிங்குக்குச் சூட்டப்பட்ட பட்டத்தில் பெருமைப்படுவோர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சிங்கின் தட்டுக்கு மறுபதிப்பு வந்தபோது அது யாரோ செய்த போலி என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். இரு தரப்பினரும் ராகம் என்ன செய்தது என்று கேட்க மறந்துவிட்டார்கள்.

கமகம் எங்கே என்று சங்கீதம் தெரிந்தவர்கள் மறிப்பார்கள். சரியான மறிப்பு. பன்னிரண்டு சமபங்குச் சுரங்களில் கட்டப்பட்ட பெட்டியிடம் எங்கள் தோடியின் காந்தாரத்தைக் கொடுத்தால் அசைக்கத் தெரியாமல் திகைக்கும். சிங் வாசித்த தோடி ஹிந்துஸ்தானியுடையது, எங்கள் சுபபந்துவராளியின் சுரங்கள் கொண்டது. அவர் எடுத்த பத்தில் பூபாலி, கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி நான்கும் ஐந்து சுர ராகங்கள். எங்கள் கணக்கில் முறையே மோகனம், வலஜி, இந்தோளம், ரேவதி. சுரத்தை அதிகம் அசைக்காமலே முகம் காட்டும் ராகங்களைத் தேர்ந்ததில் ஒரு நுண்ணறிவு தெரிகிறது. அதைவிட முக்கியம், அசைவு இந்தத் தட்டில் வேறோர் இடத்துக்குப் போய்விடுகிறது. 303இல் ஒலியின் மேற்கூறுகளை மறைத்தும் திறந்தும் விடுகிற திருகு ஒன்று உண்டு. சுரம் அப்படியே நிற்க, ஒலி மட்டும் அடைத்த தொண்டையிலிருந்து கூர்ந்த கீச்சுவரை நிறம் மாறும். தைப்பொங்கல் காலத்து வாடைக்காற்றில் விண் என்ற ஒலிநாண் பூட்டிய பட்டம் கூவுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல: நாணின் இழுவை சுருதியைப் பிடித்துவைத்திருக்கும், காற்று ஏற இறங்கக் கூவலின் நிறம் மாறும். கமகத்துக்கு இது ஈடாகாது. ஆனாலும் கேட்கத்தக்க இன்னொரு அலங்காரம் என்பதை மறுக்க முடியாது.

இப்படிப்பட்ட முயற்சிகளைப் பேணுவதில் எங்களுக்கு அக்கறை போதாது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே மூக் சிந்தசைசரோடு ஒரு மின்னிசைக் கூடம் இருந்தது. கீதா சாராபாய் முதலானோர் அங்கே பதிந்த நாடாக்கள் ஆவணக்கிடங்கில் கிடந்து, 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. எங்கள் ஊர்களில் நடப்பது இன்னொரு வகைப் புறக்கணிப்பு. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று மூச்சு அறாமல் ஷட்ஜத்தைப் பிடித்த ஒத்துக்காரரின் இடத்தில் இப்போது மின்சுருதிப்பெட்டி இருக்கிறது. ஆள்செலவு குறைந்தது உண்மை. மேளக்காரரின் வருமானத்தை எண்ணினால் அதைக் குற்றமாகச் சொல்ல மனம் வராது. ஆனால் ஒத்தின் ஒலி மூச்சோடு லேசாகத் தடித்தும் மெலிந்தும் வந்தது, பெட்டி அப்படியே நிற்கிறது. ஆளை நீக்குவதற்கு மட்டும் மெஷினை வாங்கினால் இந்த இழப்பே மிச்சம். ஒத்து ஊதத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அந்த ஒலியை நல்ல முறையில் பதிந்துவைப்பதும், அதே பெட்டியைக் கையில் வைத்திருக்கும் இளைஞர்கள் அதன் திருகுகளைத் திருப்பிப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள் அல்ல.

தட்டைக் கேட்க விரும்புகிறவர்கள் மால்கௌன்ஸில் தொடங்கலாம். இந்தோளம் தெரிந்த காதுக்கு அது உடனே பிடிபடும். அடுத்து பைரவ், எங்கள் மாயாமாளவகௌளையின் சுரங்கள். சரளிவரிசை படித்த எவருக்கும் அது வீட்டுப் பாடம். கைத்தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். 808இன் அடியும் 303இன் கீழ்ச்சுரங்களும் அதில் காணாமல் போய்விடும். காதில் மாட்டிக் கேட்க வேண்டும்.